பறவைப் பாடம் மட்டும் போதுமா?

செப்டம்பர் 5 வந்தால் போதும், வாட்ஸ்அப்பில் கலாமின் ஆசிரியர் வந்துவிடுவார். ராமேஸ்வரம் கடற்கரையில் பறவை பறப்பதைக் காட்டிப் பாடம் நடத்திய சிவசுப்பிரமணிய ஐயர். நல்ல கதைதான். அதே ஐயர் செய்த இன்னொரு காரியத்தை மட்டும் யாரும் அனுப்புவதில்லையே, ஏன்?

ஆசாரமான குடும்பம் அவருடையது. முஸ்லிம் பையனான கலாமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மடி பார்க்கும் மனைவி பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் கோபப்படவில்லை. தானே பரிமாறி, பையன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். கிளம்பும்போது, அடுத்த வாரமும் வா என்றார்! முதல் தடவை யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். வீட்டிலேயே எதிர்ப்பு வந்த பிறகு மறுபடி கூப்பிட்டாரே, அதுதான் எனக்குப் பெரிது. பையன் தயக்கத்தோடுதான் போனான். அந்த முறை அம்மாளே அவனை அடுக்களைக்குள் அழைத்துப் பரிமாறினார். 'அக்கினிச் சிறகுகள்' நூலில் கலாமே எழுதியிருப்பது இது.

பறவை பறக்கும் விதம் பாடப் புத்தகத்திலும் கிடைக்கும். ஊர் என்ன சொல்லுமோ என்று பயப்படாமல் நடப்பதை, நடந்து காட்டும் வாத்தியாரிடம்தான் பையன்கள் கற்க முடியும்.

நம் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். பேரனுக்குப் பறவைக் கதை சொல்கிறோம். அவன் சிநேகிதன் வீட்டுக்கு வந்தால், "என்ன ஆளுங்கப்பா நீங்க?" என்று விசாரிக்கிறோம். அந்தப் பையன் அடுத்த வாரம் வருவானா?