ஃபார்மட் போடுவதற்கு முன்னால்...

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் காலை நடைக்குப் பிறகு பெஞ்சில் உட்கார்ந்தால், சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலிக்கு அடுத்தபடியாகப் பேசுவது கம்ப்யூட்டரைப் பற்றித்தான். "ஃபோல்டரைத் திறந்தா மேலே ஒரு பச்சைக் கோடு ஊர்ந்துக்கிட்டே இருக்கு சார். காபி குடிச்சுட்டு வந்தாக்கூட போட்டோ வரமாட்டேங்குது" என்பார் ஒருவர். பக்கத்திலிருப்பவர் உடனே தீர்ப்பு சொல்லிவிடுவார்: "பழசாயிடுச்சு. ஃபார்மட் போட்டுடுங்க. இல்லேன்னா புதுசு வாங்குங்க."

இந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. இருமல் என்று போனவரைப் பரிசோதிக்காமலே ஆபரேஷன் டேபிளில் ஏற்றுவது போன்றது அது. மெதுவாகத் திறப்பது ஒரு அறிகுறி. அதற்குக் காரணங்கள் பல. பெரும்பாலானவற்றுக்குக் காசு செலவே இல்லை.

அலுவலகத்தில் ரெக்கார்டு ரூம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். "இந்தக் கட்டில் என்னென்ன ஃபைல் இருக்கிறது?" என்று கேட்டால், நல்ல ரெக்கார்டு கிளார்க் மேலட்டையைப் பார்த்து நம்பர்களை எழுதித் தந்துவிடுவார். இன்னொருவர் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு ஃபைலாகப் பிரித்து, உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பட்டியல் தருவார். விண்டோஸும் சில ஃபோல்டர்களில் இந்த இரண்டாமவர் மாதிரிதான் நடந்துகொள்கிறது. 'இது படங்கள் உள்ள ஃபோல்டர்' என்று முடிவு செய்துவிட்டால், ஒவ்வொரு படத்தையும் வீடியோவையும் திறந்து பார்த்துக் குட்டிப்படம் தயாரிக்கிறது. இருபது படம் என்றால் தெரியாது. வாட்ஸப்பில் வந்த காலை வணக்கங்களோடு சேர்த்து ஐயாயிரம் படம் ஒரே ஃபோல்டரில் கிடந்தால் அது என்ன செய்யும், பாவம்!

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, ஒரு ஃபோல்டர் மட்டும் மெதுவா, எல்லாமே மெதுவா என்பதுதான்.

ஒன்று மட்டும் என்றால் அந்த ஃபோல்டரின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, 'ப்ராபர்ட்டீஸ்' போய், 'கஸ்டமைஸ்' என்ற பக்கத்தில் 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்று மாற்றுங்கள். பிறகு 'வியூ' மெனுவில் 'டீடெய்ல்ஸ்' வைத்துக்கொள்ளுங்கள். குட்டிப்படம் போய், பெயரும் தேதியும் மட்டும் வரும். 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டர் தேதிவாரியாகப் பிரித்துப் பிரித்துக் காட்டினால், அதே 'வியூ' மெனுவில் 'குரூப் பை' போய் 'நன்' என்று கொடுங்கள். பல வீடுகளில் தொல்லை இத்தோடு தீர்ந்துவிடும்.

'திஸ் பிசி'யைத் திறக்கும்போது மட்டும் தாமதம் என்றால், வெளியே செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க் தூக்கத்திலிருந்து எழுந்து சுற்ற ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ இணைத்து, இப்போது இல்லாமல் போன நெட்வொர்க் டிரைவ் ஏதாவது பட்டியலில் இருந்தாலும் விண்டோஸ் அதைத் தேடிக்கொண்டு நிற்கும்.

எல்லாமே மெதுவென்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'டிஸ்க்' என்ற இடத்தில் வெகுநேரம் 100 சதவீதமே நின்றால் டிஸ்க் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது. அப்டேட்டோ வைரஸ் சோதனையோ நடந்துகொண்டிருக்கலாம், முடிந்ததும் சரியாகும். எத்தனை நாளானாலும் அப்படியே இருந்தால் டிஸ்க்கே தளர்ந்திருக்கலாம். 'கடக் கடக்' என்று சத்தமும் கேட்டால் வேறு எந்த வேலையும் வேண்டாம். முக்கியமானதை உடனே வேறொரு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். போட்டோ ஃபோல்டர் திறக்கத் தாமதமாகிறது என்று சிபியூவைக் கடைக்கு அனுப்பினார். கடைப் பையன் போனில், "பேக்கப் எடுத்துட்டீங்களா சார்?" என்று கேட்டிருக்கிறான். இவர் என்னவோ ஏதோ என்று "ஆமாம்ப்பா" என்றிருக்கிறார். "சி டிரைவை மட்டும்தான் அழிப்போம், டி டிரைவில் இருப்பது பத்திரம்" என்றும் சொன்னானாம். டெஸ்க்டாப்பிலும் 'பிக்சர்ஸ்' ஃபோல்டரிலும் போட்டு வைப்பதெல்லாம் வழக்கமாக சி டிரைவில்தான் இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் திரும்பி வந்தபோது நல்ல வேகம். மறைந்துபோன அவர் மனைவியின் கடைசித் தீபாவளிப் படங்கள் மட்டும் இல்லை.

அந்தப் பையன் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய கேள்வியை அவன் கேட்டான். நமக்குப் புரிகிற தமிழில் கேட்கவில்லை, அவ்வளவுதான். "உங்க போட்டோவெல்லாம் வேற எங்கயாவது இன்னொரு காப்பி இருக்கா?" என்று கேட்டிருந்தால் அவர் "இல்லை" என்றிருப்பார். புரியாத கேள்விக்கு "ஆமாம்" சொல்லும் பழக்கத்தை நாமும் விட வேண்டும்.

பழைய கம்ப்யூட்டரையே கட்டிக்கொண்டு அழுங்கள் என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பாங்க் வேலையெல்லாம் அதில் செய்பவர்கள் பாதுகாப்புக்காக மாறுவது நியாயமே. ஆனால் அது வேறு காரணம். ஃபோல்டர் தாமதத்துக்கு மட்டும் என்றால், சுற்றும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டாலே பழைய பெட்டி துள்ளி ஓடும். புதுப் பெட்டியே வாங்கினாலும், அதே ஐயாயிரம் படத்தை அப்படியே அள்ளிக் கொட்டினால் குப்பை குப்பைதான்.

அதற்கும் நம் அலுவலகங்களிலேயே வழி இருந்தது. முடிந்த ஃபைல் ஒவ்வொன்றுக்கும் ஆயுள் குறிப்போம். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். டி.டிஸ். பத்து வருடம், கே.டிஸ். மூன்று வருடம், எல்.டிஸ். ஒரு வருடம். வீட்டுப் படங்களையும் அப்படிப் பிரியுங்கள். கல்யாணம், பேரக்குழந்தைகள், போய்ச் சேர்ந்தவர்களின் முகங்கள் எல்லாம் ஆர்.டிஸ். வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருந்தால் இன்னும் நல்லது. காலை வணக்கப் படங்களுக்கு எல்.டிஸ்.கூட அதிகம், அன்றன்றைக்கே அழிக்கலாம்.

அப்படிப் பிரித்த பிறகு ஃபோல்டர் வேகமாகத் திறக்கும். திறக்காவிட்டாலும் பரவாயில்லை, கடைக்குத் தைரியமாக அனுப்பலாம்.