குவிப்பது வேறு; காப்பது வேறு

பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் சொந்த ஊர் இன்று கைப்பேசிக்குள் இருக்கிறது. தாத்தாவின் வீடு, குலதெய்வக் கோயில் பொங்கல், அத்தை மகளின் திருமணம் என ஆயிரக்கணக்கான நிழற்படங்கள் அதில் குவிந்துள்ளன. ஆனால், குவித்து வைப்பது காப்பது ஆகாது.

கூகுள் போட்டோஸ் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்டபோது, படங்களைச் சற்றே சுருக்கி அளவின்றி இலவசமாகச் சேமிக்க இடமளித்தது. 2021 ஜூன் 1 முதல் அச்சலுகை நின்றது. புதிய படங்கள் 15 ஜிபி இலவச இடத்துக்குள் அடங்க வேண்டும். மின்னஞ்சலும் அதே இடத்தையே பயன்படுத்துகிறது. இடம் நிரம்பியதும் புதிய படங்கள் சேமிக்கப்படுவதில்லை. இடம் வேண்டிக் கைப்பேசிச் செயலியில் ஒரு படத்தை நீக்கினால், இணையச் சேமிப்பிலும் அது நீங்குகிறது. குப்பைத் தொட்டியில் 60 நாள் இருந்தபின் முற்றிலும் அழிகிறது. ஒன்றை நீக்க மற்றொன்றும் நீங்குமாயின், அவை இரண்டு படிகள் ஆகா.

இவ்வுண்மையைத் தமிழர் முன்பே அறிவர். ஓலைச்சுவடி நெடுங்காலம் நில்லாது; ஆதலால் முன்னோர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தனர். பல ஊர்களில் படிகள் இருந்தமையால், உ.வே.சாமிநாதையர் அவற்றைத் தேடி ஒப்புநோக்கி, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். மாறாக, 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதவை மீளவே இல்லை.

எல்லாப் படங்களையும் வைத்திருப்பதே பாதுகாப்பு என்பர் சிலர். ஒரே காட்சியின் இருபது படங்களும், நாள்தோறும் வரும் காலை வணக்க வாழ்த்துகளும் அரிய படங்களுக்குரிய இடத்தையே அடைக்கின்றன. எனவே முதலில் வேண்டுவது தெரிவு. தெரிந்தெடுத்தவற்றுக்கு மூன்று படிகள் இருத்தல் நன்று: கைப்பேசியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, வேற்றூரில் ஒன்று. அவ்வன்தட்டுகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் திறந்து பார்த்தல் வேண்டும். திறக்க இயலாத படி இருந்தும் பயனில்லை.

இரண்டு ஊர் உடைமை, பிழைப்புக்காக இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இங்கே ஒரு வலிமை. பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் செல்லும் பிள்ளைகள் ஒரு படியைச் சித்தப்பா வீட்டில் வைத்து வரலாம். பாட்டியின் அருகமர்ந்து, படத்தில் உள்ளோரின் பெயரையும் உறவுமுறையையும் கேட்டு எழுதியும் வரலாம். பெயரறியாத முகத்தை எந்தச் செயலியாலும் மீட்டுத் தர இயலாது.