கோப்பை எந்தத் தெருவரை வந்தது?

"விளையாட்டில் சாதி ஏது?" என்கிறார்கள். கபடியில் நாங்கள் பாடிப் போனபோது பள்ளியே கூவியது. சாதிக்கயிறு கட்டிய கைகளும் தட்டின. கோப்பை ஊர்வலமோ ஊர்த்தெருவோடு நின்றது. சேரிக்குள் வரவில்லை.

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் இந்திய மகளிர் ஹாக்கி அணி தோற்றதும், ஹரித்துவாரில் அவர் வீட்டின் முன் பட்டாசு வெடித்தார்கள். சாதியைச் சொல்லி ஏசினார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தனர். வென்றால் நாட்டின் மகள், தோற்றால் சேரிப்பெண்ணா?

நாங்குநேரிக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் வண்ணக்கயிறுகளைத் தடைசெய்ய 2024இல் பரிந்துரைத்தது. கயிறு அறுந்தால் மட்டும் போதாது தோழர்களே. கேப்டன் யார், ஊர்வலம் எந்தத் தெருவழி என்று உங்கள் பள்ளியில் கேளுங்கள். கைதட்டல் சமத்துவம் ஆகாது.