யார் பெயர் கல்லில் ஏறும்?



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நீலகிரியில் பெரியவர்கள் மண் சரிந்த ஆண்டுகளை வரிசையாகச் சொல்வார்கள்: 1990இல் கெத்தை, 1993இல் மரப்பாலம், 2009 நவம்பரில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி. 2009இல் சில நாள் மழையிலேயே நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். மரப்பாலத்தில் குடிசைகளும் பேருந்துகளும் அடித்துச் செல்லப்பட்டன. இன்று அதே வழியாகத்தான் சுற்றுலா வண்டிகள் மலையேறுகின்றன.

இப்படி இறந்தவர்களுக்கு நினைவிடம் வேண்டாமா? அது எங்கே, யார் நிலத்தில், எந்தப் பெயர்களோடு என்று கேட்கும்போதே அரசியல் வந்துவிடுகிறது. சுனாமிக்குப் பின் வேளாங்கண்ணியிலும் கன்னியாகுமரியிலும் நினைவிடங்கள் எழுந்தன. கடலோர மக்களுக்குச் சொந்த ஊர் இருந்தது. கூடிக் கேட்க முடிந்தது. ஆனால் எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவருக்கு வேலை போனால் வீடும் போய்விடும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பெட்டிமுடியில் 70 பேர் மண்ணில் புதைந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் தென்மாவட்டங்களில் வேர் உள்ள தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தலைமுறைகளாக உழைத்த மலையில் அவர்கள் பெயருக்கு ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை.

கூடலூரை அடுத்த வயநாட்டைப் பாருங்கள். 2024 ஜூலை 30 நிலச்சரிவில் இறந்தவர்களில் அடையாளம் தெரியாதவர்களைப் புத்துமலையில் அடக்கம் செய்தார்கள். கற்களில் பெயருக்குப் பதில் எண்கள். மரபணுச் சோதனைக்குப் பிறகே சிலருக்குப் பெயர் கிடைத்தது. அந்தப் புத்துமலையே 2019 ஆகஸ்டில் சரிந்த ஊர்!

கல் நட்டால் மட்டும் போதாது என்பதற்கு ஜப்பானின் சாகா நகரம் சாட்சி. 1907 வெள்ளத்துக்கு அங்கே நினைவுக்கல் இருந்தும் பலர் அதைக் கவனிக்கவில்லை. 2018 மழையில் மறுபடியும் உயிர்கள் போயின. அடுத்த ஆண்டே அந்நாடு இத்தகைய கற்களை அரசு வரைபடத்தில் தனிக் குறியீட்டோடு சேர்த்தது.

நமக்கும் அப்படிப்பட்ட கல்தான் வேண்டும். இறந்தவர் பெயர், தேதி, பெய்த மழையின் அளவு, எந்தச் சரிவு விழுந்தது, எங்கே வீடு கட்டக்கூடாது என எல்லாம் அதில் இருக்கட்டும். அதற்கு முன், பிழைத்தவர்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் பட்டாவோடு வீடு வேண்டும். வீடு கொடுக்காமல் திறக்கப்படும் நினைவிடம், திறந்து வைப்பவரின் பெயரைத்தான் தாங்கி நிற்கும்.

உங்கள் லைனில், ஹட்டியில், தெருவில் மழை கொண்டுபோனவர்களின் பெயரையும் சரிந்த இடத்தையும் எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் அவற்றை வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்