சராசரியோடு பாடம் முடிவதில்லை

வாயுக்களின் இயக்கவியற் கொள்கையை நடத்தும்போது, சூத்திரத்தில் வெப்பநிலையைப் போட்டுச் சராசரி வேகத்தைக் கண்டதும் நிறுத்திவிடக் கூடாது. 27 டிகிரி செல்சியஸில் ஆக்சிஜன் மூலக்கூறின் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 445 மீட்டர். அதே காற்றில் கலந்துள்ள ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு. ஓயாத மோதல்களால் இரண்டின் சராசரி இயக்க ஆற்றலும் சமமாகிவிட, நிறை குறைந்தது வேகமாக ஓடுகிறது. ஆனாலும் பூமியின் விடுபடு வேகம் நொடிக்கு 11.2 கி.மீ. சராசரியை மட்டும் பார்த்தால் ஹைட்ரஜன் தப்பவே வழியில்லை. உண்மையிலோ நொடிக்குச் சுமார் 3 கிலோ ஹைட்ரஜன் விண்வெளிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இதற்கான விளக்கத்தில் முக்கியமான ஒரு பங்கு, 1860இல் மேக்ஸ்வெல் வெளியிட்ட வேகப் பகிர்வில் இருக்கிறது. மூலக்கூறுகளில் சில மெதுவாகவும் பல நடுத்தரமாகவும் மிகச் சில அதிவேகமாகவும் ஓடுகின்றன. இதை வரைந்தால் கிடைக்கும் வளைகோட்டின் வலப்புறம் வால்போல் நீள்கிறது. சுமார் 500 கி.மீ. உயரத்தில், 1,000 கெல்வின் அளவிலான வெப்பநிலையில், அந்த வாலில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் விடுபடு வேகத்தைத் தாண்டுகின்றன. காற்று மிக மெலிந்த அங்கே அவற்றை மோதித் தடுக்க அணுக்கள் அரிது. மின்னூட்டத் துகள்களாகவும் ஹைட்ரஜன் தப்புகிறது என்பது உண்மைதான். அதனால் வாலின் பங்கு இல்லாமல் போகாது. 16 மடங்கு நிறையுள்ள ஆக்சிஜன் அணுவுக்கு அந்த வேகத்தில் வாலே இல்லை எனலாம்.

பள்ளி மாணவர்களுக்கு இந்தக் கணிதம் கடினம் என்பார்கள். சூத்திரத்தை வருவிப்பது கடினம்தான். வளைகோட்டைப் படிப்பது கடினமல்ல. அழுத்தத்தைக் கணக்கிட ஒரு சராசரி போதுமே என்பதும் சரியே. ஆனால் நீர் ஆவியாவதும், சூடேறினால் வேதிவினை வேகமெடுப்பதும் ஆற்றல் மிகுந்த சிறுபான்மையால்தான். பல வாயுக்கள் கலந்தால் பகிர்வு குழம்பாதா என்ற ஐயமும் வேண்டாம்: சமநிலையில் ஒவ்வொரு வாயுவின் வேகப் பகிர்வும் வெப்பநிலையையும் அதன் சொந்த நிறையையும் மட்டுமே பொறுத்தது. இது வெறும் ஏட்டுக் கணக்குமல்ல. 1955இல் மில்லரும் குஷ்ஷும் பொட்டாசியம், தாலியம் ஆவிக் கற்றைகளில் வேகங்களை அளந்து, மேக்ஸ்வெல்லின் வளைகோட்டை உறுதிசெய்தார்கள்.

ஆகவே ஆசிரியர்கள் இந்த வளைகோட்டைப் பாடத்தின் மையத்தில் வைக்க வேண்டும். வினாத்தாள் தயாரிப்பவர்களும் எண்ணைப் போட்டு விடை காணும் கணக்கோடு நில்லாமல், இரண்டு வாயுக்களின் வளைகோடுகளை ஒரே தாளில் வரைந்து ஒப்பிடச் சொல்ல வேண்டும்.