ஏற்பி இன்னும் இருக்கிறதா?

மார்பகப் புற்றுநோய் எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவிய நிலையில் நம்மை நாடி வருகிற பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துப் பெண்களின் கோப்பில், பல வருஷங்களுக்கு முன் திருச்சியிலோ தஞ்சாவூரிலோ நடந்த அறுவை சிகிச்சையின்போது எழுதப்பட்ட ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அறிக்கை ஒன்றே பல சமயங்களில் ஆதாரமாக இருக்கிறது; அந்த ஒற்றைத் தாளை நம்பி இன்றைய சிகிச்சையை நிர்ணயிக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பது இவ்விதழின் திடமான அபிப்பிராயம்.

2020 மே மாதத்தில் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற ஃப்ளூரோ எஸ்ட்ராடையால் பெட் ஸ்கேன், ஹார்மோன் மருந்து பற்றிக்கொள்வதற்கான ஏற்பி எந்தெந்தக் கட்டியில் இன்னும் உண்டு என்பதை, உடல் முழுவதிலும் ஒரே சமயத்தில் பிரத்தியட்சமாகக் காட்டுகிறது. ஆயினும் கல்லீரல் ஸ்கேனுக்குச் செலுத்தும் ஃப்ளூரோ எஸ்ட்ராடையாலை இயல்பாகவே மிகுதியாக ஈர்த்துக்கொள்வதால், அங்குள்ள பரவலை அது நம்பகமாகக் காட்டாது. டாமோக்சிபென் நிறுத்தி 8 வாரமும், ஃபுல்வெஸ்ட்ரான்ட் நிறுத்தி 28 வாரமும் கழியாமல் எடுத்தால், ஏற்பியை மருந்தே அடைத்துக்கொண்டிருக்க, ஏற்பி இல்லை என்ற பொய் விடை கிடைத்துவிடும். ஆகவே இந்தப் பரிசோதனையைப் பற்றிய யோசனை மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்பே நமக்கு எழ வேண்டும். ஹெர்-2 ஏற்பியின் விஷயத்திலும் பழைய அறிக்கையை மட்டும் நம்பலாகாது என்பதே பாடம்: 2016-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், ஹெர்-2 உள்ளவர்கள் என்று முன்பே முடிவு செய்யப்பட்ட 56 பேரில் 16 பேருடைய கட்டிகள், பெட் ஸ்கேனுக்காகச் சிர்க்கோனியம் ஏற்றிய டிராஸ்டுசுமாபைப் போதிய அளவு ஏற்கவில்லை.

ஃப்ளூரோ எஸ்ட்ராடையாலில் உள்ள கதிரியக்க ஃப்ளூரின்-18-இன் அரை ஆயுள் ஏறக்குறைய 110 நிமிஷம். சென்னையில் தயாரித்த மருந்து நெடுஞ்சாலை வழியே நான்கு மணி நேரத்தில் பெரம்பலூர் சேரும்போது அதன் கதிரியக்கத்தில் கால்பங்குக்கும் குறைவே எஞ்சும் என்றால், ஸ்கேன் கருவியை மட்டும் இங்கே கேட்பதில் பிரயோஜனமில்லை. மத்திய மாவட்டங்கள் அனைத்துக்கும் எட்டும் தூரத்தில் ஃப்ளூரின்-18-ஐத் தயாரிக்கும் அரசின் சைக்ளோட்ரான் ஒன்று வேண்டும் என்று நாம் ஒருமித்துக் கேட்க வேண்டும்.

அதுவரை செய்யத்தக்கது பரவிய இடத்திலிருந்தே புதிதாகத் திசு எடுப்பது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியும், பெரம்பலூரின் தனியார் மருத்துவக் கல்லூரியும் இதனைத் தங்கள் நித்திய கடமையாகக் கொள்ளட்டும். ஆனால் எலும்புத் திசுவின் சுண்ணத்தை வீரிய அமிலத்தால் நீக்கினால் ஏற்பியின் சாயம் ஏறாமற் போகலாம். தாமதமானாலும் இடிடிஏ கரைசலே உத்தமம். அதனை விண்ணப்பத் தாளிலேயே எழுதி அனுப்புவது, திசு எடுக்கிற மருத்துவரின் பொறுப்பு.