300 ஆண்டுப் பழமை ஹராமை ஹலாலாக்குமா?



என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று லண்டனில் பணிபுரிகிறார். அண்மையில் ஒரு படம் அனுப்பியிருந்தார். சதர்க் பகுதியிலுள்ள 'ஜார்ஜ் இன்' என்னும் பழம்பெரும் மதுவிடுதியில், உடன் பணிபுரிவோருடன் மதிய உணவு. மேசை நிறையப் பீர்க் குவளைகள்; அவர் கையில் மட்டும் ஆரஞ்சுச் சாறு. "ஹஸ்ரத், நான் ஒரு சொட்டும் தொடவில்லை. இது வெறும் மதுக்கடை அன்று, வரலாற்றுச் சின்னம்" என்று எழுதியிருந்தார். படத்தைவிட இந்த விளக்கமே என்னைக் கவலையில் ஆழ்த்தியது.

வரலாற்றை நாம் மறுக்கவில்லை. 1676ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் மீண்டும் கட்டப்பட்ட அந்தச் சத்திரத்தில் குதிரை வண்டிப் பயணிகள் தங்கினர். மரத்தாலான மாடித் தாழ்வாரங்களில் ஒரு பக்கம் மட்டுமே இன்று எஞ்சியுள்ளது. 1937 முதல் அது நேஷனல் டிரஸ்ட்டின் உடைமை. முற்றத்தில் நின்று அதன் கட்டடக் கலையை வியப்பதில் குற்றமில்லை. ஆனால் அது அருங்காட்சியகம் அன்று. இன்றும் அங்கே மது ஊற்றப்படுகிறது. அந்த மேசையில் அமர்பவர் மதுச்சபையில் அமர்கிறார்.

"நான் குடிக்கவில்லையே" என்கிறோம். அல்லாஹ்வையும் இறுதி நாளையும் நம்புகிறவர் மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை ஜாபிர் (ரலி) அறிவிக்க, திர்மிதீயில் காண்கிறோம். அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனமும் மதுவைவிட்டு விலகியே இருக்குமாறு ஏவுகிறது.

உணவு மட்டும் தூயதா? மீனைப் பொரிக்கும் மாவைப் பீரில் கரைப்பதும், இறைச்சியை ஏல் என்னும் மதுவில் வேகவைத்துப் பை செய்வதும் ஆங்கிலேய மதுவிடுதிகளின் வழக்கமான சமையல். அறுப்பு முறையோ தனிக் கேள்வி.

"பாரம்பரியம்" என்ற சொல்லுக்கு வருவோம். மதுவும் அரபுகளின் பாரம்பரியமே. அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் அனஸ் (ரலி) மது பரிமாறிக்கொண்டிருந்தபோது தடை அறிவிக்கப்பட்டது. எவரும் வாதாடவில்லை, உடனே கொட்டினார்கள். மதீனாவின் தெருக்களில் அது ஓடியது. தம் சொந்தப் பாரம்பரியத்தையே அவர்கள் கொட்டினார்கள். அடுத்தவர் பாரம்பரியத்தின் முன் நாமோ தயங்கி நிற்கிறோம்!

அந்நிய நாட்டில் தனித்து விடப்படுவோமோ என்ற இளைஞர்களின் அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. முஸ்லிம் அல்லாத நண்பர்களை ஒதுக்கச் சொல்லவும் இல்லை. "என் மார்க்கம் இதைத் தடுக்கிறது, நாளை நான் விருந்து தருகிறேன், வாருங்கள்" என்று மலர்ந்த முகத்துடன் அழையுங்கள். கிழக்கு லண்டனின் வைட்சேப்பல் பகுதியில் ஹலால் உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. அந்த அழைப்பே ஓர் அழகிய தஃவா.

பெற்றோர்களே, பிழையில் நமக்கும் பங்குண்டு. 'குடிக்காதே' என்று நானும் கற்பித்தேன். 'அங்கே அமராதே' என்று அழுத்திச் சொல்லத் தவறினேன். பிள்ளைகள் விமானம் ஏறுமுன் இரண்டையும் சொல்லி அனுப்புங்கள்.

வல்ல ரஹ்மான் நம் சந்ததிகளின் ஈமானைப் பாதுகாப்பானாக! ஆமீன்.